நான்காம் பெஞ்சின் ஓட்டை

ரேவன்ஷா ஊரில் பஞ்சாலைப் புகைபோக்கிகள் பதினொன்று, மதுக்கடைகள் பதினான்கு, ஆண்டவரைத் தொழும் இடங்கள் ஒன்பது. "குடிக்கிறவனும் சரி, ஜெபிக்கிறவனும் சரி, நம்ம ஊர்ல ரொம்ப தூரம் நடக்கவேண்டியதில்ல" என்பார் கிளிஃபர்ட் டாட்டர்சால். அவருடைய மனைவி ஹெஸ்டரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஒன்பதில் ஆற்றோரத்துக் கல் சர்ச் எல்லாவற்றுக்கும் மூத்தது. பஞ்ச காலத்தில் வந்த ஐரிஷ்காரர்கள் கட்டியது ஒன்று. மற்றவையெல்லாம் ஜெபக்கூடங்கள். பாதிக்கு மேல் சண்டையில் பிறந்தவை. அண்ணன் தம்பி முறைத்துக்கொண்டு ஆளுக்கொரு அடுப்பு மூட்டினால் எப்படியோ, அப்படி. மேட்டுத் தெருவில் இருந்தது மேட்டுக்கூடம். அதிலிருந்து கோபித்துக்கொண்டு இறங்கி வந்தவர்கள் பள்ளத்தில் கட்டியது எபனேசர்.

அந்தக் கோபத்துக்குச் சொந்தக்காரர் ஹெஸ்டரின் தாத்தா, ஜோப் ஓக்டன். தறிக்காரர். மேட்டுக்கூடத்தில் இடது பக்கம் நாலாவது பெஞ்சில், தூணோரமாக உட்கார்ந்து, பாட்டுக்கெல்லாம் செல்லோ வாசித்தவர். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற அந்தப் பெரிய வாத்தியத்தை அவரே மரம் வாங்கிச் செய்தார். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டில் கமிட்டிக்காரர்கள் ஓர் ஆர்கன் வாங்கி வைத்தார்கள். "பெட்டிக்குள்ள காத்தை அடைச்சுத்தானா கர்த்தரைத் துதிப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, பாட்டு பாதியில் இருக்கும்போதே வாத்தியத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். பின்னாலேயே நாற்பது பேர் போனார்கள். மூன்று வருஷம் ஒரு குதிரை லாயத்து மாடியில் ஜெபித்தார்கள். ஆலை விட்டதும் கல் சுமந்து எபனேசரைக் கட்டி முடித்தார்கள்.

இருபது வருஷம் கழித்து எபனேசரும் ஓர் ஆர்கன் வாங்கியது. மேட்டுக்கூடத்து ஆர்கனைவிடப் பெரியது. அதற்குள் ஜோப் ஓக்டனுக்குக் காது மந்தமாகிவிட்டது.

ஜோபுக்கு ஆண்பிள்ளைகள் நாலு பேர். மூன்றாவது ஏபல். ஏபலின் இரண்டாவது பெண் ஹெஸ்டர். அவளுக்குப் பத்து வயசாகும்வரை தாத்தா இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானச் சாப்பாட்டில் மாட்டிறைச்சியை அறுத்துக்கொண்டே சொல்லுவார்: "இடது பக்கம், நாலாவது பெஞ்சு, தூணோரம். அது நம்மது. மறந்துடாதீங்க."

ஹெஸ்டர் பன்னிரண்டு வயசில் ஆலைக்குப் போனாள். தறி இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. ஆலைப் பெண்கள் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். அறுபது அடி தள்ளி நிற்பவளும் அதைப் படித்துவிடுவாள். அந்தப் பழக்கத்தினால் எங்கள் ஊரில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. ஜெபக்கூடத்தில் போதகர் நீட்டி முழக்கும்போது, யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை பெஞ்சு விட்டுப் பெஞ்சு ஓடும்.

கல்யாணமானபின், எபனேசரில் விசேஷங்களுக்குக் கூடுகிறவர்களுக்குக் கொடுக்கிற டீ அவள் கைக்கு வந்தது. சாவு டீ, திருமண டீ, ஞாயிற்றுப்பள்ளி ஆண்டுவிழா டீ எல்லாம் அவள் பொறுப்பு. சிவப்பு எழுத்தில் 'எபனேசர்' என்று போட்ட இருநூறு கோப்பைகளில் எந்தக் கோப்பைக்கு எந்த இடத்தில் கீறல் என்று அவளுக்குத் தெரியும். குழந்தைகள் இல்லை அவளுக்கு. முப்பது வருஷம் எபனேசரின் சமையலறைதான் அவள் வீடு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷம் மாரிக்காலத்தில் எபனேசரின் கூரை உத்திரங்களில் பூஞ்சணம் பிடித்து, மரம் ரொட்டி மாதிரி உதிர்ந்தது. பழுது பார்க்க வழியில்லை, பூட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் முப்பத்தெட்டு பேர், பெரும்பாலும் நரைத்த தலைகள். காகிதத்தில் இரண்டு கூடங்களும் ஒரே சபையாகி இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஒருவர் வாசலை ஒருவர் மிதித்ததில்லை. மேட்டுத் தெருவில் மிஸ் மில்லிசென்ட் ஹோய்ல் வைத்திருந்த தொப்பிக்கடைதான் ஊரிலேயே நல்ல கடை. அவர் மேட்டுக்கூடத்துக்காரர் என்பதற்காக, எபனேசர் பெண்கள் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய்த் தொப்பி வாங்குவார்கள்.

இப்போது வேறு வழியில்லை. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈரத்தில் நனைந்த கோட்டுகளோடு முப்பத்தெட்டு பேரும் மேடேறினார்கள். முன்னால் ஹெஸ்டர். இந்தக் கிழங்களை ஓர் அடுப்படியில் சேர்த்துவிட வேண்டும், ஒருவரும் சிதறிவிடக் கூடாது. அது ஒன்றுதான் அவள் மனசில்.

உள்ளே நுழைந்ததும் அவள் கால்கள் தாமாகவே போயின. இடது பக்கம், நாலாவது பெஞ்சு, தூணோரம். உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, தலை குனிந்து ஜெபித்துவிட்டு நிமிர்ந்தாள். பெஞ்சு முனையில் மிஸ் ஹோய்ல் நின்றிருந்தார்.

மிஸ் ஹோய்ல் மரியாதையாகத்தான், காதோடு காதாகச் சொன்னார். "மன்னிக்கணும் மிஸஸ் டாட்டர்சால், இது எங்க பெஞ்சு. எங்க அப்பா காலத்துலேர்ந்து."

ஹெஸ்டர் யோசிக்கவே இல்லை. நாற்பது வருஷப் பழக்கத்தில் உதடு முந்திக்கொண்டது, சத்தமில்லாமல். "உங்க அப்பாவுக்கு முன்னாடி எங்களுது."

காதோடு சொன்னது யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் கிட்டத்தட்ட அத்தனை பேரும் தறிக்காரர்கள். இரண்டு பேர் உதட்டையும் கூடம் முழுக்கப் படித்துவிட்டது. மேட்டுக்காரர்கள் பக்கம் ஒரு சலசலப்பு. "வந்த அன்னிக்கே பட்டா கேக்குறா பாரு" என்று ஓர் உதடு அசைந்தது. எபனேசர் பக்கம் கிழவர் ஈனஸ் பிளேக்கி எழுந்து தடியைத் தட்டினார். "நாம வேண்டாதவங்கன்னா போயிருவோம்" என்றார், வாய்விட்டே. ஹெஸ்டருக்கு முகம் கொதித்தது. எழுந்து நடந்தாள். முப்பத்தேழு பேரும் பின்னால் வந்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் கிளிஃபர்ட் சொன்னார், "உங்க தாத்தா நாப்பது பேரைக் கூட்டிக்கிட்டு வெளியே வந்தாரு. நீ முப்பத்தேழு. ரத்தம் கொஞ்சம் நீர்த்துப்போச்சு, அவ்வளவுதான்."

"சிரிக்காதீங்க."

"சிரிக்கல. எனக்கு மழையில நனைஞ்ச தொப்பி வேற."

கூட்டுறவுச் சங்கத்து மாடியில் ஓர் அறை கேட்டு வாங்கி ஜெபம் நடத்தினார்கள். முதல் ஞாயிறு முப்பது பேர். அடுத்த ஞாயிறு இருபத்திரண்டு. ஈனஸ் கிழவரால் மாடிப்படி ஏற முடியவில்லை. பிளேக்கியின் மருமகள் கல் சர்ச்சுக்குப் போய்விட்டாள் என்று கேள்வி. மற்றவர்கள் எங்கும் போகவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். மூன்றாவது ஞாயிறு பதினாறு பேருக்கு டீ ஊற்றிவிட்டு, மிஞ்சிய கோப்பைகளை ஹெஸ்டர் திரும்ப அடுக்கினாள். தாத்தா கட்டியதை நான் ஒரே உட்காரலில் கலைத்துவிட்டேனே என்று இருந்தது.

புதன்கிழமை காலை. ஹெஸ்டர் மண்டியிட்டு வாசற்படியைக் கல் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு பளபளப்பான காலணிகள் வந்து நின்றன. நிமிர்ந்தால் மிஸ் ஹோய்ல்.

"படி ஈரம். சுத்தி பின்வாசல் வழியா வாங்க" என்றாள் ஹெஸ்டர், முறைப்பாக.

"உள்ள வரல. ஒரு விஷயம் கேக்கணும். ஓட்டையப் பத்தி."

"எந்த ஓட்டை?"

"நீங்க உக்காந்தீங்களே, அந்த முனையில, தரைப் பலகையில ஒரு ஓட்டை இருக்கு. இந்த அகலம்." கட்டைவிரலைக் காட்டினார். "அஞ்சு வயசுலேர்ந்து பிரசங்கம் நீளும்போதெல்லாம் நான் அதுக்குள்ள கால் கட்டைவிரலை விட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். அம்மா தொடையில கிள்ளுவாங்க. இந்த மூணு ஞாயித்துக்கிழமையும் பிரசங்கத்துல மனசு போகல. அது யாரு போட்ட ஓட்டைன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். எலி இல்ல, ஆணி இல்ல. உங்களுக்குத் தெரியும்னு தோணிச்சு."

ஹெஸ்டர் கையிலிருந்த கல்லை வாளியில் போட்டாள். "செல்லோவோட அடியில ஒரு இரும்பு முனை உண்டு. வாசிக்கும்போது வழுக்கும். அதுக்காகத் தாத்தா துளை போட்டாராம். கமிட்டிய கேக்காமலேயே."

"கேக்காமலேயேவா!"

"அவரு எதத்தான் கேட்டாரு?"

மிஸ் ஹோய்லுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஹெஸ்டரும் சிரித்தாள், மண்டியிட்டபடியே.

பிறகு மிஸ் ஹோய்ல் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பெஞ்சுல ஆறு பேர் உக்காருவோம். அப்பா, அம்மா, மூணு அண்ணனுங்க, நான். ரெண்டு அண்ணனுங்க முதல் உலக யுத்தத்துல போயிட்டாங்க. இப்ப நான் ஒருத்திதான். அன்னிக்கு நீங்க உக்காந்திருந்ததைப் பாத்ததும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. எங்க அண்ணன் ராய்ஸ்டனும் நானும் ஒட்டி உக்கார்ற இடம் அது. அதான் வாய் வந்திருச்சு. தப்புதான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஓட்டை உள்ள முனை உங்களுக்கு. சுவரோர முனை எனக்குப் போதும். உங்க ஆளுங்களையும் கூட்டிட்டு வாங்க. படியேற முடியாத பெரியவரை எங்க கடை வேன்ல கொண்டுவரச் சொல்றேன். தொப்பிப் பெட்டிங்களுக்கு நடுவுல உக்காந்துக்கட்டும்."

ஹெஸ்டர் எழுந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள வாங்க" என்றாள். "படியில தடம் விழுந்தா விழட்டும்."

அந்த வாரம் அவள் வீடு வீடாகப் போனாள். ஞாயிற்றுக்கிழமை முப்பத்தாறு பேர் மேடேறினார்கள். ஈனஸ் கிழவர் வேனிலிருந்து இறங்கும்போது அவர் தோளில் ஓர் ஊதாநிற இறகு ஒட்டியிருந்தது. ஹெஸ்டர் நாலாவது பெஞ்சில் தூணோரம் உட்கார்ந்தாள். முதல் பாட்டு முடிவதற்குள் மிஸ் ஹோய்லின் உதடு அசைந்தது. அவர் ஆலையில் வேலை செய்தவர் இல்லை. அதனால் எழுத்துக்கூட்டுகிற மாதிரி, மெதுவாக, வாயைப் பெரிதாக்கிக் கேட்டார்: "கண்டுபிடிச்சியா?"

ஹெஸ்டர் காலணியை நழுவவிட்டுக் காலால் துழாவினாள். ஓட்டை இருந்தது. தாத்தா சொன்ன இடத்திலேயே இருந்தது. கட்டைவிரலை அதற்குள் விட்டுக்கொண்டு பாட்டைத் தொடர்ந்தாள்.

அன்றைய டீயில் இரண்டு கூடத்துக் கோப்பைகளும் கலந்துபோயின. எபனேசர் கோப்பை மேட்டுக்கூடத்துத் தட்டில் உட்காராது. அடிப்பாகம் சற்றுப் பெரிது. ஆடிக்கொண்டேயிருக்கும். பதினோரு வருஷம் அப்படியே ஆடட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஹெஸ்டர் தொப்பி வாங்கப் பஸ் ஏறுவதையும் விட்டாள். "எனக்குப் பிள்ளை இல்ல, அக்கா தங்கச்சி செத்துட்டாங்க. அம்பத்திரண்டு வயசுல ஆண்டவர் எனக்கு ஒரு கூடப்பிறந்தவளைக் குடுத்தாரு. நான் கேக்கக்கூட இல்ல" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

அறுபத்தொன்பதாம் வருஷம் மில்லிசென்ட் ஹோய்ல் போய்ச் சேர்ந்தார். பன்றிக்கறி ஹாமும் வெண்ணெய் ரொட்டியும் வைத்து நூற்றிருபது பேருக்குச் சாவு டீ கொடுத்தாள் ஹெஸ்டர். அதன்பிறகு சுவரோர முனையில் யாரும் உட்காரவில்லை. அவள் கேட்டுக்கொள்ளவில்லை, ஊரே விட்டுவைத்தது.

அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி வந்தாள். பெயர் அயோனி ரைலி. மான்செராட் தீவிலிருந்து வந்த கறுப்பினப் பெண். அங்கேயும் இதே பாட்டுப்புத்தகம்தானாம். முந்தின ஞாயிறு வேறோர் ஊரில், யாரோ அவளைப் பின்வாசலருகே உட்காரச் சொன்னார்களாம். அது பிறகு தெரிந்தது. அன்று அவள் நேராக நடந்துவந்து, காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, நாலாவது பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

கூடம் முழுக்க உதடுகள் அசைந்தன. "மில்லிசென்ட் இடம்." "யாராவது சொல்லுங்களேன்." தறி தெரியாத அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அத்தனை முகங்களும் தன்னைப் பார்ப்பது தெரிந்து, பையை எடுத்துக்கொண்டு எழப் போனாள்.

ஹெஸ்டர் திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். உதட்டை அசைத்தாள், சத்தமில்லாமல்: "வாயை மூடுங்க எல்லாரும்."

பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, தான் எழுந்து சுவரோர முனைக்குப் போய், அவளைத் தூணோரமாக நகர்த்தினாள்.

"இப்படி உக்காரு கண்ணு. கால்கிட்ட ஒரு ஓட்டை இருக்கு, பாத்தியா? எங்க போதகருக்குப் பேச ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது. அப்ப அது உதவும்."