சட்டைப்பையில் இருந்த ஆணி



ஸ்டுட்கார்ட்டில் சிவம் அண்ணை தன் கராஜுக்குள், பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டி, இரண்டு பேர் ஏறிப் பறக்கும் குட்டி விமானம் செய்கிறார். கழற்றிய இருக்கைகளைத் திரும்பப் பூட்ட இன்று உதவிக்குப் போனேன்.

"எல்லாம் பூட்டியாச்சோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப ஏறி இரும். பூட்டின ஆள்தான் முதல் இருந்து பாக்கவேணும்."

இருந்து, ஓட்டும் தடியை முன்னே தள்ளினேன். இருக்கை என்னையும் கொண்டு பின்னால் சறுக்கி ஓடியது. தடி கைக்கு எட்டவில்லை.

இருக்கையை நகராமல் பிடிக்கும் ஆணி என் சட்டைப்பையில். கழற்றும்போது, தொலைந்துவிடும் என்று நான்தான் பத்திரமாக வைத்தேன்.

இதுவே வானத்தில் என்றால்?

அண்ணை சிரிக்கவில்லை. ஆணியை வாங்கித் தானே பூட்டினார்.

"முதல் பறப்புக்கு என்ர பக்கத்தில நீர்தான் வாறீர். அப்ப ஒண்டையும் மறக்கமாட்டீர்."

அன்றைக்கு ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் தேர்த்திருவிழா, வரமுடியாது என்று சொன்னால் நம்புவாரா?