முதல் கைத் தண்ணீர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். நீர்த்தேக்கத்துக்கு வந்து சேரும் காட்டாறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதிப்பது என் வேலை. மாதாமாதம் ஜீப்பில் போய், பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்பார்கள். என்னோடு ஒருநாள் வந்து பார்த்தால் தெரியும்.

அந்த ஐப்பசியில் முதல் மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் காலை, குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு துறைக்குப் போனோம். புதுத் தண்ணீர் எப்படி வரும் என்பது எனக்கு அத்துப்படி. செக்கச்செவேலென்று, சருகும் நுரையுமாக வரும். தவளைக் கூச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அன்றைக்குத் தண்ணீர் தெளிந்து போய்க்கொண்டிருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல் வரைக்கும் தெரிந்தது. ஒரு தவளை இல்லை, ஒரு தட்டான் இல்லை. கரையோரம் கெண்டைக் குஞ்சுகள் வாயை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நின்றன. என் நிழல் மேலே விழுந்தும் விலகவில்லை.

"எழவு வீட்டுலயாச்சும் ஒப்பாரி கேக்கும் மேடம்" என்றார் டிரைவர். பக்கத்து ஊர்க்காரர், எதற்கெடுத்தாலும் சிரிப்பவர். அன்று சிரிக்கவில்லை.

"வாயக் கழுவுங்க" என்றேன். சொல்லிக்கொண்டே பாட்டில் பெட்டியைத் திறந்தேன்.

தண்ணீருக்குள் காற்று இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சின்ன பாட்டிலில் பிடித்து, இரண்டு மருந்தை விட்டுக் குலுக்கினால், மீனும் தவளையும் வாழ்கிற தண்ணீரில் பழுப்பாகப் படியும். அன்று வெள்ளையாகப் படிந்தது. மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று வேறு பாட்டில் எடுத்தேன். அதுவும் வெள்ளை. மேலே கைவிட்ட கல்குவாரிப் பள்ளம் ஒன்று உடைந்து, அதில் யாரோ கொட்டிவைத்திருந்த கழிவோடு ஆற்றில் கலந்திருந்தது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் அந்த வெள்ளை மட்டும்தான்.

நிமிர்ந்தால் எதிர்க்கரையில் பெண்கள் நின்றார்கள். எப்போது வந்தார்கள் என்றே தெரியவில்லை. பெரிய கூட்டம், ஒரு கொலுசுச் சத்தம்கூட இல்லை. முன்னால் நிறைமாதப் பெண் ஒருத்தி. அவள் தோளைப் பிடித்தபடி மாமியார் வயதில் ஒருவர்.

"புதுத் தண்ணிக்கு வந்திருக்காங்க" என்று டிரைவர் கிசுகிசுத்தார். "மாசமா இருக்கிற புள்ளதான் மொதக் கை அள்ளிக் குடிக்கணும், முடியலன்னா அவ வீட்டுப் பெரியவுக அவளுக்காகக் குடிக்கணும். அந்தத் தண்ணி தொண்டைக்குள்ள எறங்குறவரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாக. பேசிட்டா வயித்துப் புள்ளைக்கு ஆகாதும்பாக."

"குடிக்காதீங்க, தண்ணி சரியில்ல" என்று கத்தினேன். அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன, ஒரு உதடு அசையவில்லை. மறுபடி கத்தினேன். என் குரல் பாறையில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. அந்தப் பெண் குனிந்து இரண்டு கையாலும் அள்ளினாள்.

செருப்போடு ஆற்றில் இறங்கி ஓடினேன். அவள் வாய்க்குப் போன கையைத் தட்டிவிட்டேன். தண்ணீர் சிதறி என் முகத்தில் அடித்தது. அவள் கண் நிறைந்துவிட்டது. அப்போதும் சத்தமில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே மறுபடி குனிந்தாள். எனக்குப் பயத்தில் அழுகையே வந்துவிட்டது.

மாமியார் அவளை மெல்லப் பின்னால் நகர்த்தினார். அவரே ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு விழுங்கினார்.

"இப்பச் சொல்லுங்க. தண்ணிக்கு என்ன?" என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் குமட்டத் தொடங்கியது. ஜீப்பில் தூக்கிப் போட்டு அன்னவாசல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊருக்குள் ஆள் விட்டு யாரையும் ஆற்றில் இறங்கவிடாமல் செய்தோம்.

அவர் பிழைத்துக்கொண்டார். கண் திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் போனேன். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது, காலடியில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஒரு வார்த்தை காதுல வாங்கினீங்களா? அப்படி என்ன பிடிவாதம்?"

அவர் மருமகளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி வெளியே அனுப்பினார். அவள் போகிறவரை காத்திருந்தார்.

"வாயில வச்சதுமே தெரிஞ்சு போச்சுங்க" என்றார். "துப்பினா செல்லாது. மறுபடியும் அவதான் குடிக்கணும். அதான் முழுங்கிட்டேன்."