டீச்சர் சொன்ன பதில்

அம்மாவுக்குக் கொடுக்க மாத்திரை அட்டையைப் பிரித்ததும் அந்தக் கசப்பு வாடை என்னை, சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த, மராத்தி பேசும் பிம்ப்ரிக்கு இழுத்துப் போனது. மருந்து ஆலையிலிருந்து வரும் அப்பாவின் சட்டையிலும் அதே வாடைதான்.

தொண்ணூற்றாறில் நான் மூன்றாம் வகுப்பு. கணக்கில் வேகமான பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்த, பள்ளியில் சனிக்கிழமை வகுப்பு தொடங்கினார்கள். தமிழ் மட்டுமே தெரிந்த அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் டீச்சர் முன்னால் நின்றாள்.

"உன்னையும் சேத்துக்கச் சொல்லிக் கேளுடி."

கேட்டேன். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த டீச்சர், நிமிராமலே, தாராளமாக அனுப்பச் சொன்னார், மராத்தியில்.

சனிக்கிழமைதான் நாங்கள் தெருவில் ஏழு கல்லை அடுக்கிப் பந்தால் அடிக்கும் லகோரி ஆடுவோம்.

"இடமில்லையாம்மா," என்றேன்.

அம்மா அப்போதும் டீச்சரைக் கும்பிட்டாள். அவர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டிருப்பார். பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்தியபடியே வந்தாள்.

இன்று மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு, என் மகளின் கணக்கு வகுப்பைப் பற்றி விசாரித்தாள்.

"நீயாவது அவளுக்காக வாயத் தொறந்து கேளு. எனக்குப் பாஷை தெரிஞ்சிருந்தா, அன்னிக்குக் கெஞ்சியாவது உன்னச் சேத்திருப்பேன்."

"தண்ணி குடிம்மா," என்றேன்.