டீச்சர் காலுக்கு நிற்காத பிரேக்

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. திருச்சி தில்லை நகரில் அப்போது காலி மனைகள் நிறைய. அப்படி ஒரு மனையில் கீற்றுக் கொட்டகை போட்டு நான் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். முப்பது வயது ஆகவில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். பாதி நேரம் அது உண்மையாகவும் இருந்துவிட்டதால் தலைக்கனம் நன்றாகவே ஏறியிருந்தது.

என்னிடம் வண்டி விடுகிறவர்களில் ஒரு டீச்சர் உண்டு. நாற்பது வயதிருக்கும். ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஒரு பழைய சின்னக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார். கார் ஓட்டும் பெண்களை அன்றைக்குத் திருச்சியில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர் ஆசைக்காக ஓட்டவில்லை. அவருடைய கணவருக்குச் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போயிருந்தன. கக்கத்தில் கட்டைகளை ஊன்றித்தான் நடப்பார். ஜங்ஷன் பக்கம் ஓர் ஆபீஸில் வேலை. பஸ்ஸில் ஏற முடியாது. காலையில் மனைவி கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டிக்கொண்டு வந்தால்தான் அவருக்கு உத்தியோகம்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் வந்தார்.

"தம்பி, பிரேக்கைக் கொஞ்சம் பாருங்க. காவிரிப் பாலம் இறங்கும்போது முன்னாடி வண்டிங்க நின்னா நானும் நிப்பாட்டுறேன். வெச்ச காலை எடுக்கவே இல்ல, பெடல் மட்டும் மெள்ள மெள்ள உள்ள போகுது. வண்டி நகருது."

நான் ஏறி உட்கார்ந்து பெடலை ஓங்கி மூன்று மிதி மிதித்தேன். கல் மாதிரி நின்றது. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தேன். அளவு குறையவில்லை. நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒழுகல் இல்லை, பெடலும் நிற்கிறது, அப்புறம் என்ன?

"ஒண்ணும் இல்ல டீச்சர், நல்லா இருக்கு. போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரமே மறுபடி வந்தார். அதே புகார். நானும் அதே மூன்று மிதி, அதே பதில். மூன்றாவது தடவை வந்தபோது, "ஓங்கி மிதிக்காதீங்க தம்பி. நான் மிதிக்கிற மாதிரி மெதுவா அழுத்திக்கிட்டே இருந்து பாருங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். எனக்குப் பாடம் நடத்துகிறாரே!

"டீச்சர், பிரேக்குன்னா மிதிக்கணும். பூவை வெக்கிற மாதிரி காலை வெச்சா அது என்ன பண்ணும்? வண்டியில குறை இல்ல, உங்களுக்குத்தான் பயம்" என்றேன். பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர் போனதும் 'பூப்பாதம்' என்று அவருக்கு ஒரு பட்டப்பெயர் வேறு வைத்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

நான்காவது முறை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கணவரோடு வந்தார். அவர் பின் சீட்டில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு, "மெதுவா அழுத்தினா பெடல் இறங்குதுங்க. பாலத்து இறக்கத்துல வண்டி நிக்க மாட்டேங்குது. ஒரு நாள் வெச்சிருந்து பாருங்களேன்" என்றார்.

"அதுக்கென்ன சார், விட்டுட்டுப் போங்க. பிரிச்சுப் பாத்துடறேன். சாயங்காலம் ஆபீஸுக்கே வந்து உங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் வீட்டுல விட்டுடறேன்" என்றேன். டீச்சர் என்னை ஒரு தடவை பார்த்தார். எதற்கு அப்படிப் பார்க்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இருவரும் ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாஸ்டர் சிலிண்டர்தான் பெடலின் அழுத்தத்தை நாலு சக்கரத்துக்கும் ஆயில் வழியாக அனுப்புகிற உறுப்பு. அதையும் பிரித்திருக்க வேண்டும். வெளியே காய்ந்து கிடந்ததால் தொடவில்லை. பிரித்துப் பார்ப்பதாகச் சொன்ன வாய்தான். எல்லாவற்றையும் திரும்ப மாட்டும்போது பின் சக்கரத்து டிரம் கை நழுவி என் வலது கால் பெருவிரலில் விழுந்தது. வார்ப்பு இரும்பு. நகம் கறுத்து, விரல் இரண்டு மடங்காக வீங்கிவிட்டது. செருப்புக்குள் கால் நுழையவில்லை. கூட வேலை பார்ப்பவர் ஏதோ காரியமாக முசிறி போயிருந்ததால், துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நானேதான் வண்டியை எடுத்தேன்.

சாரை ஏற்றிக்கொண்டு வந்தேன். ஊருக்குள் கியரை இறக்கி இறக்கியே சமாளித்தேன். பாலத்தைத் தாண்டி மாம்பழச் சாலைப் பக்கம் இறங்கும் சரிவில் எல்லா வண்டிகளும் நின்றிருந்தன. முன்னால் வாழைத்தார் ஏற்றி வந்த மாட்டு வண்டி ஒன்று சக்கரம் கழன்று கிடந்தது. எனக்கு நேர் முன்னால் ஒரு சைக்கிள். ஓட்டியவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். கேரியரில் அவர் மனைவி, மடியில் கைக்குழந்தை. நான் ஒரு கஜம் தள்ளி நிறுத்தினேன். விரல் வலியில் உயிர் போனது. பெடல்மேல் காலை வைத்திருந்தேன், அவ்வளவுதான். மிதிக்க முடியவில்லை.

பெடல் இறங்கியது. முதலில் என் கால்தான் தளர்கிறது என்று நினைத்தேன். இல்லை, வெண்ணெயில் விரல் இறங்குவது மாதிரி அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது. வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. கேரியரில் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, "ஏங்க! காரு வருதுங்க!" என்று குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டார். பம்பர் சைக்கிளின் பின் மட்கார்டைத் தொட்டுவிட்டது. அடிபட்ட காலாலேயே ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வலியில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

சைக்கிள்காரர் திரும்பி, "பாத்து நிப்பாட்டுங்க சார், பிள்ளை இருக்குல்ல" என்றார். திட்டக்கூட இல்லை.

பின்னால் பார்த்தேன். சார் இரண்டு கைகளாலும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டைகள் கீழே சரிந்து கிடந்தன. வண்டி எங்கே போய் முட்டினாலும் இந்த மனிதரால் கதவைத் திறந்து குதிக்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவரை வைத்துக்கொண்டு டீச்சர் இந்த இறக்கத்தில் எத்தனை வாரமாக இறங்கிக்கொண்டிருக்கிறார்!

"சார், டீச்சர் சொன்னது இதைத்தான்" என்றேன். 

"ஆமாங்க" என்றார். சரிந்த கட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டே, "காலையில நான் சொன்னதும் வண்டியை வாங்கி வெச்சுக்கிட்டீங்க. அவ சொன்னதைத்தாங்க நான் அப்படியே சொன்னேன். பெடல்ல கால் வெச்சா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். நாலு அறை விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்தப் பெடலைத் தொட்டே அறியாதவர் ஒரு தடவை சொன்னதும் நம்பினேன். தினமும் அதில் கால் வைக்கிறவர் மூன்று தடவை வந்து சொல்லியும் கிண்டல் செய்து அனுப்பினேன். காலையில் டீச்சர் பார்த்த பார்வைக்கும் அர்த்தம் விளங்கியது.

பாதை திறந்ததும் முதல் கியரில், ஹேண்ட் பிரேக்கில் ஒரு கையை வைத்தபடி ஊர்ந்து ஊர்ந்து ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தேன். டீச்சர் வாசலில் நின்றிருந்தார். நான் நொண்டிக்கொண்டு இறங்கியதைப் பார்த்து, "ஐயோ, காலுக்கு என்னாச்சு தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். பாதியில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப உங்க கால்ல அடிபட்டாத்தான் என் கால் சொல்றது உங்களுக்குப் புரியுமா?" என்றார். லேசாகச் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டார்.

சனிக்கிழமை அவர் வீட்டு வாசலிலேயே மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினேன். உள்ளே ஆயிலைத் தள்ளும் ரப்பர் கப்பின் ஓரம் தேய்ந்து மழுங்கியிருந்தது. ஓங்கி மிதித்தால் அந்த வேகத்தில் ரப்பர் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், பெடல் நிற்கும். மெதுவாக அழுத்தினால் ஆயில் ஓரமாக நழுவி, வந்த டப்பாவுக்கே திரும்பிவிடும். வெளியே ஒரு சொட்டுகூட வராது. அதாவது, நான் மிதிக்கிற மாதிரி மிதித்தால் இந்தக் கோளாறு என்னிடம் மாட்டவே மாட்டாது. இன்னும் சில வாரம் போயிருந்தால் ஓங்கி மிதித்தாலும் நின்றிருக்காது. ஊரில் நாலு கடை ஏறி இறங்கிப் புது ரப்பர் செட் வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக ஸ்ரீரங்கம் போனேன். சிலிண்டரின் உள்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்கி, பிரேக் ஆயிலிலேயே கழுவி, புது ரப்பர் போட்டு மாட்டினேன். பிறகு குழாய்களில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து, காற்று வெளியேறும் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். டீச்சர் ஏறி உட்கார்ந்தார்.

கீழே படுத்திருப்பவனுக்குப் பெடல் தெரியாது. மேலே இருப்பவர் "அழுத்திட்டேன்" என்றால் திறக்க வேண்டும், மூடியதும் "விடுங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னதற்கு முன்னால் திறந்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். நான்கு சக்கரத்துக்கும் மாறி மாறிப் படுத்து, ஒரு மணி நேரம் டீச்சரின் குரலுக்காகக் காத்திருந்தேன். ஒரு தடவைகூட அவர் அவசரப்பட்டுச் சொல்லவில்லை. இரண்டாவது சக்கரத்தில், "இன்னும் கொழகொழன்னு இருக்கு தம்பி, காத்து இருக்கும்போல" என்றார். மறுபடி எடுத்தேன். ஆயிலோடு நாலு காற்றுக் குமிழி வந்தது.

எல்லாம் முடிந்ததும், "மெதுவா அழுத்திக்கிட்டே இருங்க டீச்சர்" என்றேன். அவர் அழுத்தினார். நான் ஜன்னல் ஓரம் நின்றேன். சார் வாசற்படியில் கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பூக்காரம்மா கூடையோடு தெருமுனையில் தோன்றி எங்களைக் கடந்து அடுத்த முனையும் திரும்பிவிட்டார். டீச்சர் காலை எடுக்கவில்லை.

"நிக்குது" என்றார்.

வழக்கமாக நான் ஏறி ஓங்கி மூன்று மிதி மிதித்துப் பார்த்துத்தான் வண்டியைக் கொடுப்பேன். அன்றைக்கு ஏறவில்லை. சாமான்களைப் பையில் போட்டுக் கட்டினேன்.

விரலில் புது நகம் முளைத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனால் அந்த டீச்சரை மூன்று முறை நம்பாமல் திருப்பி அனுப்பியதை நினைத்தால் இன்றும் எனக்கு முகம் சுடுகிறது, அந்தச் சூடு ஆறாமல் இருப்பதுதான் என்னிடம் வண்டி விடுகிறவர்களுக்கு நல்லது என்று நினைத்துக்கொள்கிறேன்.