ஒஷாவாவிலிருந்து இழுத்துவந்த ட்ரெயிலர்

உள்ளே படுத்துச் சமைக்க வசதியுள்ள அந்தப் பழைய ட்ரெயிலரைக் காரின் பின்னால் இழுத்துவந்து மில்லிக்கனில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திய உடனேயே, எதிர் வீட்டு அண்ணை செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். டயரைக் காலால் தட்டினார். ஜன்னலால் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினார்.

"தம்பி, கொத்துரொட்டி போடப் போறீரோ?"

"இல்லை அண்ணை. வெக்கேசனுக்குப் போகப் போறம்."

"உதிலயோ?" என்றார் அவர்.

அதற்குப் பிறகு வந்த தமிழர் அத்தனை பேரும் இதையேதான் கேட்டார்கள். ஒருவர் தோசை என்றார், இன்னொருவர் வடை என்றார். சக்கரம் பூட்டிய பெட்டி ஒன்றைக் கண்டால், அதற்குள் எண்ணெய் கொதித்தே ஆகவேண்டும் என்பது நம்மவர்களின் எண்ணம். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் "ஓம், ஓம், வாற மாதம் திறக்கிறம்" என்று சொல்லத் தொடங்கிவிட்டேன்.

ஒஷாவாவுக்கு அப்பால் ஒரு பண்ணையில், கொட்டகைக்குப் பின்னால், இடுப்பளவு புல்லுக்குள் அது கிடந்தது. எழுபதுகளில் செய்தது. விற்ற வெள்ளைக்காரர், தன் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது அதை இழுத்துக்கொண்டு போகாத இடமில்லை என்றார். கதவைத் திறந்து என்னையும் மகளையும் உள்ளே போகச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் வெளியே நின்றுகொண்டார். அதிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். மெத்தைக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. முகட்டில் தண்ணீர் ஊறிய மஞ்சள் வட்டங்கள். திரைச்சீலையைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. ஆனாலும் எனக்குப் பிடித்துவிட்டது. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். நீளமாக எதையாவது கண்டால் ஓட்டிப் பார்க்க வேண்டும்போல் இருக்கும்.

ஆனால் அதை வாங்கியது எனக்காக அல்ல, மனைவிக்காக.

ஒவ்வொரு கோடையிலும் நானும் மகளும் கூடாரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஓர் ஏரிக்கரைக்குப் போவோம். மனைவி வரமாட்டாள். புளிச்சாதம் கட்டித் தந்து, வாசலில் நின்று கை காட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். இளவயதில் போரால் இடம்பெயர்ந்து, மழையிலும் சேற்றிலும் மாதக்கணக்காகத் தறப்பாள் கொட்டிலில் கிடந்தவள் அவள். "தறப்பாளுக்குக் கீழ படுத்தது எனக்கு இந்தப் பிறவிக்குக் காணும். காசும் குடுத்துப் போய்ப் படுக்க எனக்கென்ன விசரே?" என்று ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு நான் அவளை வற்புறுத்தியதில்லை.

இந்த வருடம் மட்டும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மகளுக்கு நாட்டின் மறுகோடியில், வன்கூவரில் வேலை கிடைத்திருந்தது, செப்டெம்பரில் போகிறாள். மூன்று பேருமாக ஒரு கோடைகூட ஏரிக்கரையில் இருக்காமலேயே பிள்ளை வீட்டைவிட்டுப் போகப்போகிறாளே என்று திரும்பத் திரும்ப நினைத்தேன். கூடாரம் இல்லாமல் வேறு எப்படியென்றால் வருவீர் என்று மனைவியிடம் கேட்டேன்.

"சுவர் இருக்கோணும். பூட்டுற கதவு இருக்கோணும். மழை பெஞ்சா ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது. அப்ப பாப்பம்."

எங்கள் வீட்டில் 'பாப்பம்' என்றால் பெரும்பாலும் மாட்டேன் என்றுதான் அர்த்தம். இருந்தாலும் அடுத்த சனிக்கிழமையே ஒஷாவாவுக்குப் போய்விட்டேன்.

பள்ளிக்கூடம் பூட்டியதும் நானும் மகளும் வேலையில் இறங்கினோம். எலி மெத்தையைத் தூக்கி எறிந்தோம். கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டோம். குளியலறைப் பக்கத்து மூலையில் நான் கால் வைத்ததும், பலகை உக்கியிருந்ததால் கால் முழங்கால்வரை கீழே போய்விட்டது. என் செருப்பு வாசல் தரையில் நிற்கிறது, நான் ட்ரெயிலருக்குள் நிற்கிறேன்.

"அப்பா, டோன்ற் மூவ்" என்றாள் மகள். தூக்கிவிடத்தான் வருகிறாள் என்று பார்த்தால், போனை எடுத்துப் படம் பிடித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தப் படம் இப்போது சொந்தக்காரர் எல்லோரிடமும் இருக்கிறது.

பெரிய பாடு படுத்தியது கூரைதான். பொருத்துகளில் இருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினோம். பிறகு நான் உள்ளே நிலத்தில் மல்லாந்து படுத்துக்கொள்ள, மகள் வெளியே நின்று தோட்டக் குழாயால் கூரையில் தண்ணீர் அடித்தாள். முதல் சொட்டு என் நெற்றியிலேயே விழுந்தது. திரும்பப் பூசினோம். இந்தமுறை ஜன்னல் ஓரத்தால் வந்தது. செய்தவனையும் விற்றவரையும் வாங்கிய என்னையும் திட்டித் திட்டி மறுபடியும் பூசினேன். ஒருநாள் மத்தியானம் இடியோடு நல்ல மழை பிடித்தது. நான் குடைகூட எடுக்காமல் ஓடிப்போய் உள்ளே இருந்தேன். தகரத்தில் மழை கொட்டுகிறது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. குசினி ஜன்னலில் நின்ற மனைவிக்குக் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். அகப்பையோடு கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு கறியைக் கிண்டப் போய்விட்டாள்.

"ஒழுகேல்லை" என்றேன், உள்ளே வந்து தலையைத் துடைத்துக்கொண்டே.

"ம். பாப்பம்."

கடைசியாக மிஞ்சியது அடுப்பு. இரண்டு வாய் வைத்த சின்ன காஸ் அடுப்பு. எப்படித் திருகினாலும் பற்றவில்லை. கழற்றிப் பார்த்தால் காஸ் வரும் குழாய்க்குள் சிலந்திகள் கூடு கட்டியிருந்தன. இரண்டு நாளாக அதை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துவாரமாக ஊசியால் குத்தித் துப்புரவாக்கினேன். பற்றவைத்தபோது நீலச் சுவாலை வட்டமாக, ஒரு சத்தமில்லாமல் எழுந்தது. பெருமை தாங்காமல் எதிர் வீட்டு அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இனிக் கொத்துரொட்டி போடலாம்" என்றார்.

புறப்படுவதற்கு முதல் நாள் காலை, காருக்கு எண்ணெய் மாற்றப் போயிருந்தேன். மனைவி அதுவரை வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குப் பயமாக இருந்தது. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். திரும்பி வந்து காரை நிறுத்தும்போதே கருகல் மணம் அடித்தது. ட்ரெயிலர் கதவு திறந்து கிடந்தது. படிக்குக் கீழே மனைவியின் செருப்பு.

உள்ளே பாய்ந்து ஏறினேன். அடுப்பு முழுக்கப் பால். இரண்டு வாயும் அணைந்து, பால் உள்ளே இறங்கிக் கருகிப் பிடித்திருந்தது. மனைவி துணியால் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சருமப்பா, என்ன செய்து வைச்சிருக்கிறீர்? ரெண்டு நாளா ஊசியால குத்தித் துப்பரவாக்கின அடுப்பெல்லோ?"

அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "பால் எண்டால் பொங்கத்தானே வேணும். நல்லா, கிழக்குப் பக்கமாத்தான் வழிஞ்சது."

"உதை ஏன் இப்ப இதுக்குள்ள காய்ச்சினனீர்?"

"பின்னை? பால் காய்ச்சாமல் ஒரு வீட்டுக்குள்ள போய்ப் படுக்கிறதோ?"

அவள் சொன்னது மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோசத்தில்தான். அவள் பார்க்காதபடி அடுப்பின் மேல் குனிந்து, கருகல் எவ்வளவு என்று பார்ப்பதுபோல் நின்றேன்.

மணம் பிடித்து மகளும் வந்தாள். "அம்மா, வட் ஹாப்பண்ட்?" என்றவள், பால் சட்டியையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் போய் மூன்று கோப்பைகள் எடுத்துவந்தாள். அந்தச் சின்ன மடக்கு மேசையைச் சுற்றி முழங்கால்கள் இடிபட இருந்து, சட்டியில் மிஞ்சிய பாலைக் குடித்தோம். மனைவி வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடுறம்?"