அத்தைக்குத் துறைமுகம் காட்டிய ஞாயிறு

விஸ்வகர்மா பூஜை அன்று கல்கத்தாவில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புவது தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி. நமக்கு ஆயுத பூஜை நவராத்திரியோடுதான். வங்காளிகளுக்கோ அது புரட்டாசி பிறந்ததுமே வந்துவிடும். அன்றைக்கு மெக்கானிக் ஸ்பானரைத் தொட மாட்டார், ரிக்‌ஷா நகராது. இயந்திரம் என்று பெயர் உள்ள எல்லாவற்றுக்கும் சாமந்தி மாலை போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். மனிதர்களெல்லாம் மொட்டை மாடியில் ஏறிப் பட்டம் விடுவார்கள்.

அந்த வருஷம் எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குக் கிடர்பூரில் துறைமுக வேலை, எங்களுக்கு அங்கேயே குவார்ட்டர்ஸ். தூத்துக்குடியிலிருந்து அப்பாவின் தங்கை வந்திருந்தாள். அத்தை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்கத்தா பார்க்க வந்ததாகத்தான் பேச்சு. ஆனால் டாலிகஞ்சில் இருந்த ஒரு வங்கி அதிகாரி வீட்டார் அவளைப் பெண் பார்க்க வருவதற்காகவே அப்பா டிக்கெட் அனுப்பியிருந்தார் என்பது எனக்கே தெரியும்.

மாப்பிள்ளை திங்கட்கிழமை காலை மாற்றலாகிக் குவாஹாட்டிக்குப் போகிறார். ஆகவே பூஜை நாளான ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு வருவார்கள், நாலரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் எல்லாம் முடிய வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்கெல்லாம் போய்க் கஷ்டப்பட வேண்டாம் என்று பெருந்தன்மையோடு சொல்லியனுப்பியிருந்தார்கள். அந்தப் பெருந்தன்மையை அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோனார். “என்னால வேலைய விட முடியாதுண்ணே” என்று அத்தை ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்பா பேப்பரைப் புரட்டினார்.

முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போது பூஜையைப் பற்றி நான்தான் அத்தைக்கு விளக்கினேன். ஊர் தெரிந்தவள் என்ற திமிர் எனக்கு எக்கச்சக்கமாக உண்டு.

“அப்போ வழியில பஞ்சர் ஆனா என்னட்டி செய்வாங்க?” என்று கேட்டாள்.

“ஆனா அவ்ளோதான் அத்தை. கெஞ்சினாலும் யாரும் தொட மாட்டாங்க.”

“அப்படியா சங்கதி!” என்று சொல்லி இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டாள்.

காலையில், கொஞ்சம் ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். அப்பாவுக்கு இஷ்டமில்லை. “போயிட்டுத்தான் வரட்டுமே, மூஞ்சியில ஒரு தெளிவு வரும்லா” என்று சொல்லி, அம்மா பக்கத்து வீட்டு வங்காளி மாமியான காக்கிமாவிடம் சைக்கிள் இரவல் வாங்கிக் கொடுத்தாள். எனக்கு என் சின்ன சைக்கிள். அப்பா என் காதைப் பிடித்து, “மூணு மணிக்கு அத்தை வீட்டுல இருக்கணும். உன் பொறுப்பு, ஆமா” என்றார். அப்பா எனக்குக் கொடுத்த முதல் பொறுப்பு அது. தலைகால் புரியவில்லை. அத்தையின் செல்போன் சார்ஜில் கிடந்ததை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஆஹா, என்ன சுற்று அது! மணிக்கூண்டு, துறைமுகச் சுவர், சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கும் கிரேன்கள், கிரேன்களின் கழுத்திலும் மாலை. சந்துக்குச் சந்து ஒலிபெருக்கி அலற, பந்தலில் கையில் பட்டத்தோடு ஒரு களிமண் விஸ்வகர்மா யானை மேல் உட்கார்ந்திருந்தார். “கடல் எங்கட்டி?” என்று அத்தை கேட்டாள். நதிதான் என்றேன். “கடலே இல்லாம ஒரு துறைமுகமா? எங்க ஊர்ல சொன்னா சிரிப்பாங்க!” என்று அவளே உரக்கச் சிரித்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் மிதித்த வேகத்தில், ஊர் காட்ட வந்த நான் பின்னால் மூச்சிரைக்க ஓட்டினேன்.

பழைய படித்துறைப் பக்கம் சந்து குறுகியது. இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தோம். லக்னோவிலிருந்து வந்து குடியேறிய நவாப் ஒருவர் காலத்து ஊர் அது. சாயம் போன வளைவுகள், தையல் கடைகள், பிரியாணி வாசனை. மாடிகளில் யாரோ பட்டத்தை அறுத்துவிட்டு “போ காட்டா!” என்று கத்த, சந்தே திரும்பக் கத்தியது. அத்தையும் கத்தினாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

பிறகுதான் பாலம். கப்பல் வந்தால் நடுவில் பிளந்து மேலே தூக்கிக்கொள்ளும் பாலம். கிடர்பூரிலேயே வாழ்ந்தும் அது திறந்து நான் பார்த்ததே இல்லை. இன்றைக்கு அதற்கும் பூஜை விடுமுறையாக இருக்குமோ என்று காவலாளியிடம் வங்காள மொழியில் கேட்டேன். நதிக்கு ஏது விடுமுறை, நீரேற்றம் வந்தால் கப்பலும் வரும் என்றார். அத்தை அங்கேயே நின்றுவிட்டாள். வெயில் ஏறியது. அவ்வப்போது நான் அவள் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன். “ஒரு கப்பல் பாத்துட்டுப் போயிருவோம்ட்டி” என்றாள்.

வந்தது! மணி அடித்தது, லாரிகள் நின்றன, சாலை அப்படியே செங்குத்தாக எழுந்து வானத்தைப் பார்த்தது. இரண்டு பாதிக்கும் நடுவில் துருப்பிடித்த ஒரு பெரிய கப்பல், ஏதோ எங்கள் தெருவில் நடந்து போகிறதுபோல மெதுவாகப் போனது. நான் குதித்த குதியில் செருப்பு ஒன்று பறந்துபோயிற்று. அத்தை கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

ஜால்முடி என்கிற காரப்பொரி வாங்கிக்கொண்டு நான் திரும்பியபோது அத்தை பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். டயர் சப்பட்டையாகக் கிடந்தது.

“முள்ளு கிள்ளு குத்திருக்கும்” என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. மணி இரண்டரை. மூன்று மெக்கானிக் கடைகளில் ஓடிக் கேட்டேன். எல்லோரும் பிரசாதம் கொடுத்தார்கள், கை வைக்க மட்டும் மறுத்தார்கள். சைக்கிளை விட்டுவிட்டு, ஏதாவது டாக்சி ஓடினால் அதில் போகலாம் என்றேன். “இரவல் சைக்கிளட்டி, நடுரோட்டுல விட்டுட்டா வர முடியும்?” என்றாள் அத்தை. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. நான் அழ ஆரம்பித்தேன்.

என் அழுகையைப் பார்த்து மனம் இளகிய ஒரு கடைக்காரர் உள்ளே போய்க் கைப்பம்பை எடுத்து வந்தார். சின்னப் பெண்ணுக்காக விஸ்வகர்மா மன்னிப்பார் என்றார். நான் துள்ளிக்கொண்டு அதைத் தமிழில் சொன்னேன்.

அத்தை அவசரமாகக் கையெடுத்துக் கும்பிட்டாள். “வேண்டவே வேண்டாம்னு சொல்லு. நம்மளால அவருக்குப் பாவம் சேரக் கூடாது. இன்னைக்கு ஆயுதத்தத் தொடவே கூடாதுன்னு சொல்லுட்டி.”

சொன்னேன். வேறென்ன செய்ய? கடைக்காரர் நெகிழ்ந்துபோனார். மதராஸிகளுக்கு எவ்வளவு பக்தி என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் பிரசாதம் கொடுத்தார்.

உருட்டிக்கொண்டே வந்தோம். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டும், அத்தை ஒவ்வொரு பந்தலிலும் நின்று சாமி கும்பிட்டுக்கொண்டும். “அழாதட்டி. ஏச்சு வந்தா எனக்குத்தான் வரும்” என்று என் தலையைத் தடவினாள்.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் ராகு காலத்துக்கு முன்பே எழுந்து போயிருந்தார்கள். அப்பா ஆடித் தீர்த்தார். என்னையும் விடவில்லை. அம்மாவோ அவரைவிட ஒரு படி மேலே போய், பொறுப்பு இருக்கிறதா, வெட்கம் இருக்கிறதா என்று அடுப்படியிலிருந்தே கத்தினாள். அத்தை தலையைக் குனிந்து நின்றாள். அப்பா கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

அத்தையின் கல்யாணம் என்னால் கெட்டது என்று நான் ஒரு மூலையில் தேம்பிக்கொண்டிருந்தேன். அத்தை கால் கழுவிவிட்டு வந்து, மாப்பிள்ளை வீட்டாருக்காகப் போட்டிருந்த வாழைக்காய் பஜ்ஜிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அப்படி ஒரு பசியோடு யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அம்மா இன்னமும் உரத்த குரலில் திட்டிக்கொண்டேதான் இருந்தாள். திட்டிக்கொண்டே எண்ணெய்ச் சட்டியிலிருந்து சூடாக எடுத்து எடுத்து அத்தை தட்டில் ஏன் போட்டாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.