றைற் சொல்லாத மாப்பிள்ளை

போன கிழமை நயினாதீவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை, என்னோடு படிப்பிக்கும் சிவநேசன் மாஸ்டர். பக்கத்துத் தீவில் சுருவில் என்ற ஊர் ஆள்.

எங்கள் தீவுகளில் ஓய்வில்லாமல் உழைக்கிற இங்கிலீஷ் சொல் எது தெரியுமா? 'றைற்'! பஸ் புறப்படவும் றைற். வலை தைத்து முடிந்தாலும் றைற். காய்ச்சல் விட்டால் ஆள் றைற். பேச்சை முடிக்க வேண்டுமா? 'றைற், அப்ப வாறன்' – எழும்பி நடக்கலாம். வெள்ளைக்காரன்கூட இந்தச் சொல்லிடம் இவ்வளவு வேலை வாங்கியிருக்க மாட்டான்.

சிவநேசன் மாஸ்டருக்கோ அது ஒன்றே பாஷை. தேத்தண்ணி நீட்டினால் றைற். தலைமை ஆசிரியர் இன்னொரு வகுப்பைத் தலையில் கட்டினாலும் றைற். பெண்ணின் படத்தைக் காட்டினார்கள்... றைற். திகதி, விருந்து, அழைப்பு எல்லாம் அவருடைய தாய்மாமன் தீர்மானித்தார். இவர் றைற். முதுகெலும்பில்லாத மனுஷன் என்று நான் உள்ளுக்குள் முடிவே கட்டியிருந்தேன்.

கல்யாணத்தன்று காலை குறிகட்டுவான் இறங்குதுறையில், நயினாதீவுக்குப் போகும் லோஞ்ச் படகு நிறைய எங்கள் ஆட்கள். பதினொரு மணிக்கு முகூர்த்தம். மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டிய, பெண்ணின் ஒரே தம்பியைத்தான் காணவில்லை. மாத்தறையில் கடை வைத்திருப்பவர். கொழும்பு மெயில் ரயில் பிந்திவிட்டதாம். இனி யாழ்ப்பாண பஸ்ஸில் வந்தால்தான் உண்டு.

தாய்மாமன் பொறுக்கவில்லை. பெண்ணின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரைத் தோழனாக்கிக்கொண்டு நேரத்துக்குப் போவோம் என்றார். நானும் பலமாகத் தலையாட்டினேன் – சாப்பாடு பிந்திவிடுமே! லோஞ்ச் ஓட்டும் அந்தோனி அண்ணை எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டு, றைற்றா என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

மாப்பிள்ளை எழுந்தார். தலைப்பாகை கூரையில் இடித்தது.

"இல்லை அண்ணை. என்ர மச்சான் வராமல் நான் வர ஏலாது."

"முகூர்த்தம் போகுது தம்பி" என்றார் மாமன்.

"போகட்டும் மாமா. அந்தப் பொம்பிளைப்பிள்ளைக்குத் தகப்பனும் இல்லை. தம்பி ஒராள்தான்."

அந்தோனி அண்ணை எஞ்சினை நிறுத்திவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவரை எவ்வளவு சுலபமாக எடைபோட்டுவிடுகிறோம்! சின்ன விஷயங்களில் விட்டுக்கொடுக்கிறவர்கள், பெரிய விஷயம் ஒன்றுக்காகத்தான் தங்கள் பிடிவாதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார்களோ?

முக்கால் மணி நேரம் கழித்து பஸ் வந்தது. கசங்கிய சட்டையும் சூட்கேஸுமாக ஓடி வந்த மச்சானை, கை கொடுத்து லோஞ்சில் ஏற்றியவர் தாய்மாமன்தான்.

முகூர்த்தம்? பத்து நிமிஷம் தப்பித்தான் போனது. ஐயர் மணிக்கூட்டைப் பார்க்காதவர் போல மந்திரத்தைத் தொடங்கிவிட்டார்.

மணவறைக்கு வந்த பெண், குனிந்த தலையை மெல்ல நிமிர்த்தி முதலில் தேடியது தம்பியைத்தான்.

அதைப் பார்த்து முகமெல்லாம் பல்லாக இருந்தவர்... மாப்பிள்ளை!